கரைவலையும் கணினி வலையும்

பருத்தித்துறைக் கரையில் வாழ்வோர் விடியுமுன்னே தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் வினா ஒன்று உண்டு. "இன்றைக்குக் கடலுக்குப் போகலாமோ?" என்பதே அவ்வினா. சோளகம் எழுந்துவிட்டதா, வாடை தணிந்ததா, கீழ்வானத்திலே முகில் எவ்வாறு திரண்டிருக்கின்றது என்று பார்த்து விடை கண்டனர் நம் முன்னோர். அவ்வறிவு இன்றும் பொய்த்துவிடவில்லை. ஆயினும் இன்றைய கடற்றொழிலாளி வானத்தைப் பார்த்தபின் வானொலியையும் கேட்கின்றார். "வடக்குக் கடற்பரப்பில் காற்றின் வேகம் அதிகரிக்கக்கூடும், கடலுக்குச் செல்வோர் அவதானமாக இருத்தல் வேண்டும்" என்று அறிவிப்பாளர் ஒரு வாக்கியம் வாசிக்கின்றார். அதை வாசிக்கப் பத்துச் செக்கன்கள் போதும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நிற்கும் கணக்கு எத்துணைப் பெரியது தெரியுமா? இக்குடாநாட்டு மக்கள் அனைவரும் வேறு வேலை எதுவுமின்றி, ஆளுக்குச் செக்கனுக்கு ஒரு கூட்டல் வீதம், வாழ்நாள் முழுவதும் இருந்து போட்டாலும் முடியாத கணக்கு அது.

அக்கணக்கைப் போடுபவை மீத்திறன் கணினிகள். அவை ஒரு தனிப் பெரும் பொறியல்ல. ஆயிரக்கணக்கான சிறு பொறிகளின் கூட்டு. சிறியவை பல சேர்ந்து பெரிய காரியம் ஒன்றை எவ்வாறு செய்கின்றன, அவ்வாறு சேர்வதற்கு மனிதர்கள் முதலில் எவ்வாறு சேரவேண்டியிருந்தது என்பதே இன்றைய என் பேச்சுக்குப் பொருள். நான் கலைப் பட்டதாரி. கணினி விஞ்ஞானம் கற்றவனல்லேன். நூல்களிலிருந்தும், என் பாடசாலை மாணவரிடமிருந்தும் கற்றுக்கொண்டதையே உங்களோடு பகிர்ந்துகொள்ளுகின்றேன்.

வானிலையை முன்கூட்டிக் கூறுதல் என்பது ஒரு கணக்கே என்று துணிந்து செய்துகாட்ட முற்பட்டவர் லூயிஸ் பிறை றிச்சாட்சன் என்னும் ஆங்கிலேயர். முதலாம் உலகப்போர்க் காலத்தில் அவர் பிரான்சுப் போர்முனையில் நோயாளர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். காயமுற்றோரைச் சுமந்து செல்லும் பணிக்கிடையே கிடைத்த ஓய்விலே, 1910ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் ஐரோப்பாவில் நிலவிய வானிலையை எடுத்து, ஆறு மணித்தியாலத்தின் பின் காற்றமுக்கம் என்னவாகும் என்று கையாலேயே கணித்துப் பார்த்தார். அக்கணிப்புக்கு வாரங்கள் பல சென்றன. விடையோ முற்றிலும் பிழையாகவே வந்தது. அமுக்கம் 145 மில்லிபார் ஏறவேண்டும் என்றது கணக்கு. உண்மையில் அன்று அமுக்கமானியின் முள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. அவருடைய கையெழுத்துப் படி போர்க்குழப்பத்திலே தொலைந்து, பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியிலிருந்து பின்னர் மீட்கப்பட்டது.

தோல்வியை மறைக்காமல் அப்படியே 1922இல் நூலாக வெளியிட்டார் அப்பெரியார். அந்நூலில் ஒரு கற்பனையும் செய்தார். பெரிய நாடகசாலை போன்றதொரு மண்டபம். அதன் சுவர் முழுவதும் உலகப்படம். நாட்டுக்கு நாடு, பகுதிக்குப் பகுதி 64,000 கணக்கர்கள் அமர்ந்து, தத்தம் பகுதியின் காற்றையும் வெப்பத்தையும் கணிக்கின்றனர். ஒவ்வொருவரும் தாம் கண்ட விடையைப் பக்கத்திலிருப்பவருக்குக் காட்டுகின்றனர். ஏனெனில், ஒரு பகுதியிலிருந்து வெளியேறும் காற்று அடுத்த பகுதிக்குள்ளே தான் புகுகின்றது. நடுவிலே ஒரு மேடை. அதில் நிற்கும் தலைவர், முந்தி ஓடுவோர்மீது ஒருநிற ஒளியும், பின்தங்குவோர்மீது வேறுநிற ஒளியும் பாய்ச்சி, எல்லாரையும் ஒரே வேகத்தில் நடத்துகின்றார். இற்றைக்கு நூறாண்டுக்கு முன் எழுதிய இக்கற்பனை, இன்றைய மீத்திறன் கணினியின் படமாகவே அமைந்துவிட்டது.

ஆனால் உலகம் அவ்வழிக்கு நேராக வந்துவிடவில்லை. 1950இல் அமெரிக்காவில் எனியாக் என்னும் மின்னணுக் கணினி முதன்முதலாக வானிலையைக் கணித்தபோது, ஒரு நாளைய வானிலையைச் சொல்ல அதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் வேண்டியிருந்தது. நாளை வரும் மழையை நாளையே சொல்லும் சோதிடத்தால் யாருக்கு என்ன பயன்? ஆகவே வேகம் வேண்டும் என்றாயிற்று. வேகத்துக்கு வழி, ஒரே பொறியை மேலும் மேலும் வலிமையாக்குதல் எனப் பலர் கருதினர். 1976இல் வெளிவந்த கிறே என்னும் பொறி இவ்வழியின் சிகரம் எனலாம். அது செல்வந்த நாடுகள் வாங்கும் பொருளாயிற்று. அமெரிக்க அரசின் அனுமதியின்றி அயல்நாட்டார் பெறமுடியாத பொருளுமாயிற்று.

இவ்விடத்தில் பாரதத்தின் கதை வருகின்றது. 1980களில் இந்தியா பருவமழையைக் கணிக்கக் கிறே பொறியொன்றைக் கேட்டது. கேட்டதிலும் திறன் குறைந்த மாதிரியே, வானிலைப் பணிக்கு மட்டும் என்னும் கட்டுப்பாட்டோடு கிடைத்தது. விற்பவன் கதவைச் சாத்தினால் வாங்குபவன் தன் கையை நம்பவேண்டியதுதானே? பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகத்தார், சிறு செயலிகளைச் சேர்த்துப் புளோசால்வர் என்னும் பொறியை 1986இலேயே அமைத்திருந்தனர். 1988இல் புனே நகரில் சீடாக் என்னும் உயர்கணிப்பு வளர்ச்சி மையம் நிறுவப்பட்டது. விஜய் பட்கரின் தலைமையில் அங்கு உழைத்தோர், தனிப் பெரும் செயலியொன்றைச் செய்ய முயலவில்லை. விலைக்குக் கிடைத்த சிறு செயலிகள் 64ஐ ஒன்றோடொன்று பிணைத்து, 1991இல் பரம் 8000 என்னும் பொறியை உருவாக்கினர். அச்செயலி ஒவ்வொன்றுக்கும், அயலிலுள்ளவற்றோடு பேசுவதற்கென்றே நான்கு இணைப்புகள் இருந்தன. றிச்சாட்சனின் மண்டபத்துக் கணக்கர் பக்கத்திலிருப்பவருக்கு விடையைக் காட்டியதை இங்கு நினைவு கூருங்கள்.

நேயர்களே, இதன் தத்துவம் நம் கரையோர மக்களுக்குப் புதியதன்று. வடமராட்சி கிழக்கிலே கரைவலை இழுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வலையைக் கடலில் வளைத்துவிட்டு, அதன் இருபுறக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு அணியினர் இழுக்கின்றனர். அவர்களுள் பீமசேனன் எவனும் இல்லை. எல்லாரும் சாதாரண மனிதர்களே. ஆயினும் எந்தப் பீமசேனனாலும் தனித்து இழுக்கமுடியாத வலை கரைசேருகின்றது. அதிலொரு நுட்பமும் உண்டு. ஓரணி விரைந்து மற்றோரணி தாமதித்தால் வலை சாயும், மீன் வெளியேறிவிடும். ஆதலின் அம்பாப் பாடல் பாடுகின்றனர். அம்பா களைப்பை மாற்றுவதற்கு மட்டுமுரிய பாட்டன்று. எல்லாக் கைகளும் ஒரே கணத்தில் இழுக்கும்படி செய்யும் கட்டளையும் அதுவே.

கணினிகளுக்கும் அம்பா வேண்டியிருந்தது. 1994இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தைச் சேர்ந்த கொடார்ட் நிலையத்திலே, தோமஸ் ஸ்ரேளிங், டொனால்ட் பெக்கர் என்னும் இருவர், கடையில் விற்கும் சாதாரண மேசைக் கணினிகள் பதினாறை வலைக்கம்பியால் இணைத்தனர். விலையின்றிக் கிடைத்த லினக்ஸ் மென்பொருளை அவற்றில் இட்டனர். பேவுல்ப் எனப் பெயர்பெற்ற இக்கூட்டமே கணினிக் கொத்தணிகளுக்கு முன்மாதிரியாயிற்று. கொத்தணி என்னும் சொல் ஆசிரியர்களுக்குப் பழகியதே. சிறு பாடசாலைகள் பலவற்றை ஒன்றுசேர்த்து வளங்களைப் பகிரும் முறைக்கு நாம் இட்ட பெயர் அது. அதே ஆண்டில், ஏறத்தாழ நாற்பது நிறுவனங்களைச் சேர்ந்த அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வாளர்கள் கூடியிருந்து வகுத்த பொது முறை ஒன்றும் வெளிவந்தது. ஒரு கணினி மற்றொன்றுக்குச் செய்தியை எவ்வாறு அனுப்புவது, எல்லாம் வந்து சேரும்வரை எவ்வாறு காத்திருப்பது என்பதை வரையறுத்த அம்முறைக்கு எம்.பி.ஐ. என்பது பெயர். அதற்குமுன் ஒவ்வொரு கொம்பனியின் பொறிக்கும் ஒவ்வொரு பாஷை இருந்தது. பொது முறை வந்தபின், ஒரு பொறிக்கு எழுதிய கணக்கை எந்தப் பொறியிலும் ஓட்டலாம் என்றாயிற்று. கணினிகளின் அம்பா என்று நான் சொல்வது இதனையே.

இவ்வழியிலே தமிழகத்திலும் ஓர் அரிய முயற்சி நிகழ்ந்தது. சென்னைத் தரமணியிலுள்ள கணித விஞ்ஞான நிறுவனத்தின் பௌதிகவியலாளருக்கு, அணுக்கருவின் உள்ளே துகள்களைப் பிணைத்துவைக்கும் விசையைப் பற்றிய பெருங்கணக்கொன்று இருந்தது. பேராசிரியர் ஹரிதாசும் அவருடைய குழுவினரும், சந்தையில் கிடைத்த 144 கணினிகளை விசேட இணைப்புகளால் பிணைத்து, 2004இல் கப்ரு என்னும் கொத்தணியை அமைத்தனர். இமயமலைச் சிகரமொன்றின் பெயர் அதற்கு இடப்பட்டது. செக்கனுக்கு ஓர் இலட்சங்கோடி கணிப்புகளைச் செய்த அது, அவ்வாண்டு உலகின் முதல் ஐந்நூறு கணினிகளின் பட்டியலிலும் இடம்பெற்றது. பேராலைகளின் விற்பனைப் பொருளன்று அது. ஒரு கல்விநிலையத்தார் தாமே திட்டமிட்டுக் கூட்டிய பொறி என்பதே அதன் பெருமை.

"அப்படியானால் நூறு கணினியைச் சேர்த்தால் நூறு மடங்கு வேகம், ஆயிரத்தைச் சேர்த்தால் ஆயிரம் மடங்கு வேகம் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். என் எண்ணத்தைத் திருத்தியவர்கள் என் மாணவர்கள்.

பாடசாலைக் களஞ்சிய அறையிலே, கழித்துவைத்த பழைய கணினிகள் சில தூசி படிந்து கிடந்தன. உயர்தர வகுப்பு மாணவர் அவற்றைப் பழுதுபார்த்து, எட்டினை இணைத்துக் கொத்தணியொன்றை அமைத்தனர். முதலில், ஒரு சதுரத்தினுள் எண்ணிறந்த புள்ளிகளைக் குறியின்றித் தூவி, வட்டத்துக்குள் விழுந்தவற்றை எண்ணிப் பை என்னும் விகிதத்தைக் காணும் கணக்கைக் கொடுத்தனர். ஒரு கணினிக்கு நாற்பது நிமிடம் பிடித்த வேலை, எட்டுக்கும் பகிர்ந்தபோது ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முடிந்தது. எல்லாரும் கைதட்டினோம். அடுத்து, இரும்புத் தகடொன்றின் ஓரத்தைச் சூடாக்கினால் வெப்பம் எவ்வாறு பரவும் என்னும் கணக்கு. ஒரு கணினி பன்னிரண்டு நிமிடம் எடுத்தது. நான்கு கணினிகள் ஐந்து நிமிடத்தில் முடித்தன. எட்டையும் சேர்த்தபோதோ ஒன்பது நிமிடம் ஆயிற்று! ஆள் கூடக்கூட வேலை தாமதித்தது. நான் திகைத்து நிற்க, மாணவி ஒருத்தி சொன்னாள்: "சேர், எட்டும் வேலை செய்யிறதைவிடக் கதைக்கிறதுதான் கூடிப்போச்சு."

அவள் சொன்னது முற்றிலும் உண்மை. புள்ளிகளை எண்ணும் கணக்கில் எவரும் எவரோடும் பேசத் தேவையில்லை. இறுதியில் விடையைச் சொன்னாற் போதும். வெப்பம் பரவும் கணக்கிலோ, ஒவ்வொரு கணினியும் ஒவ்வோர் அடியிலும் அயலவரைக் கேட்டே அடுத்த அடி வைக்கவேண்டும். தகட்டை எட்டாகக் கூறுபோட்டபோது வேலை சிறுத்தது, பேச்சோ பெருத்தது. இதையொட்டிய வேறோர் எல்லையை 1967இலேயே ஜீன் அம்டால் என்னும் அமெரிக்கர் எடுத்துக்காட்டினார். ஒரு வேலையில் பத்திலொரு பங்கு பகிரமுடியாததாயின், எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் வேகம் பத்து மடங்குக்கு மேற்படாது என்பது அவர் கருத்தின் சாரம்.

இந்த இருவகை வேலையையும் மனத்திற்கொண்டால், ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு கணினிகளைப் பிணைக்கும் பெரும் முயற்சிகளின் வெற்றியும் எல்லையும் தெளிவாக விளங்கும்.

1990களிலே, ஓரறைக் கொத்தணியோடு நில்லாது, தூரத்துக் கொத்தணிகளையும் ஒன்றாகப் பிணைக்கலாமே என்னும் எண்ணம் எழுந்தது. மின்சாரம் எந்த நிலையத்தில் உற்பத்தியானது என்று கேளாமல் நாம் விளக்கேற்றுவதுபோல, எங்கோ இருக்கும் கணிப்பு வலிமையை எவரும் பெறலாம் என்பது அக்கனவு. மின்வழங்கு வலையின் பெயராலேயே அதனைக் கிரிட் என்றனர். இயன் போஸ்டர், கார்ல் கெசல்மன் ஆகியோர் அதற்குரிய மென்பொருளை வகுத்தனர். இந்தியாவில் சீடாக் நிறுவனம் கருடா என்னும் பெயரில் 17 நகரங்களிலுள்ள 45 ஆய்வு, கல்வி நிறுவனங்களை இணைத்தது. 2006இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் துணையோடு தொடங்கிய கூட்டுத் திட்டமொன்று, இந்தியக் கணினி வலையையும் ஐரோப்பிய வலையையும் பொருத்தி, இருபக்கத்து ஆய்வாளரும் ஒருவர் பொறியை மற்றவர் பயன்படுத்த வழிசெய்தது.

இங்கே தடையாக நின்றது கம்பியின் நீளம் மட்டுமன்று. மனிதரின் ஐயமும் தடையாக நின்றது. முகம் அறியாத ஒருவர், கடல் கடந்த நாட்டிலிருந்து, என் நிறுவனத்துப் பொறியில் வேலை செய்ய வருகின்றார். அவர் யார்? அவருக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது? என் ஆய்வாளர் வரிசையில் காத்திருக்க, அயலாருக்கு ஏன் கொடுக்கவேண்டும்? நம் கிராமத்து ஐக்கிய சங்கத்தில் எழும் கேள்விகளே இவை. சங்கம் எவ்வாறு விடை கண்டதோ, ஏறக்குறைய அவ்வாறே இவர்களும் கண்டனர். ஒவ்வொரு நாட்டிலும் நம்பிக்கைக்குரிய அமைப்பொன்று, தன்னாட்டு ஆய்வாளரை நேரில் அறிந்து அத்தாட்சி வழங்கும். ஒரு நாட்டின் அத்தாட்சியை மற்ற நாடுகள் ஏற்கும். தெரிந்தவர் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு வருபவருக்குத் திண்ணையில் இடங்கொடுக்கும் நம் வழக்கத்தின் மின்னணு வடிவம் என்று இதனைச் சொல்லலாம்.

இம்முறையின் மாபெரும் வெற்றியைச் சுவிற்சர்லாந்து எல்லையிலுள்ள சேர்ண் ஆய்வகம் காட்டியது. அங்கே நிலத்தடி வளையத்தில் துகள்கள் மோதும்போது பிறக்கும் தரவுகளை எந்தவொரு தனி நிலையமும் ஆராய்ந்து முடிக்க இயலாது. நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலுள்ள ஏறத்தாழ 170 கணினி நிலையங்கள் அவ்வேலையைப் பகிர்ந்துகொள்ளுகின்றன. மும்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், கொல்கத்தாவிலுள்ள சைக்கிளோத்திரன் மையமும் அவற்றுட் சேர்ந்தவை. 2012 யூலை 4ஆம் நாள் ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்டதாக உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அவ்வெற்றி இந்நிலையங்கள் அனைத்துக்கும் உரியதாயிற்று. ஏன் அது கைகூடியது? ஒவ்வொரு மோதலும் தனிக்கணக்கு. ஒன்று மற்றொன்றைக் கேட்கவேண்டியதில்லை. புள்ளி எண்ணிய கணக்கின் இனத்தைச் சேர்ந்தது அது. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது, இலட்சக்கணக்கான வீட்டுக் கணினிகள் தொண்டர்களாக இணைந்து நோய்க்கிருமியின் புரதங்களை ஆராய்ந்ததும் அவ்வகைப்பட்டதே.

ஆனால் வானிலைக் கணக்கு தகட்டு வெப்பத்தின் இனம். ஒரு சதுரத்துக் காற்றை அறியாமல் அடுத்த சதுரத்துக் காற்றைச் சொல்லமுடியாது. புனேக்கும் சென்னைக்கும் இடையே நேர்த்தூரம் ஏறக்குறைய 900 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடுகின்றது. அத்தூரத்தைக் கடக்க அதற்குச் செக்கனின் ஆயிரத்தில் ஐந்து பங்கு வேண்டும். இது ஒரு நேரமா என்று நாம் நகைப்போம். ஆனால் அதற்குள் இன்றைய செயலியொன்று ஒருகோடிக்கும் மேற்பட்ட தடவை துடித்துவிடும். அவ்வளவு நேரமும் அது கைகட்டிக் காத்திருக்கவேண்டும். ஆகவே வானிலைக் கொத்தணிகள் ஒரே கூரையின்கீழ், குறுகிய, விரைந்த இணைப்புகளோடு அமைகின்றன. 2024 செப்டெம்பரில் புனேயில் அர்க்கா, நொய்டாவில் அருணிகா என்னும் இரண்டு பொறிகள் வானிலைப் பணிக்கென நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. அர்க்காவின் உச்சத்திறன் செக்கனுக்கு ஏறத்தாழ 11,770 இலட்சங்கோடி கணிப்புகள். கப்ருவைப் போலப் பதினோராயிரம் மடங்குக்கு மேல்!

இத்துணை வலிமை எதற்கு என்று எண்ணுகின்றீர்களா? வானத்தைச் சதுரங்களாகப் பிரித்தே கணிக்கின்றனர் என்றேன் அல்லவா? சதுரத்தின் பக்கம் 12 கிலோமீற்றராயின், பருத்தித்துறையிலிருந்து தொண்டைமானாறுவரை உள்ள நம் கரை முழுவதும் ஒன்றிரண்டு சதுரங்களுக்குள் அடங்கிவிடும். அங்கு கடலும் நீரேரியும் வயலும் வேறுவேறல்ல. எல்லாம் ஒரே எண். பக்கத்தை 6 கிலோமீற்றராக்கினால் சதுரங்கள் நான்கு மடங்காகும். காலத்தையும் பாதிப்பாதியாக நறுக்கவேண்டியிருப்பதால் வேலை எட்டு மடங்காகும். 2025 மே மாதத்தில் இந்தியா 6 கிலோமீற்றர் அளவிலான முன்னறிவிப்பு முறையைத் தொடங்கியது இவ்வலிமையைக் கொண்டே. நம் ஊர் கணக்கில் தெரியத் தொடங்குவதற்கு வலிமை வேண்டும், நேயர்களே.

அது தெரிவதால் என்ன பயன் என்பதற்குக் கடலே சாட்சி. 1964 டிசெம்பரில் திருகோணமலைப் பக்கமாகக் கரையேறி வட இலங்கையைக் கடந்த சூறாவளி, பாக்கு நீரிணையின் அப்பாலுள்ள தனுஷ்கோடியை ஓரிரவில் அழித்தது. பயணிகளோடு வந்த புகையிரதத்தையும் அலை கொண்டுசென்றது. 1999 ஒக்ரோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெருஞ்சூறாவளியில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013 ஒக்ரோபரில் பைலின் சூறாவளி அதே ஒடிசாக் கரைக்கு வந்தது. எங்கே, எப்போது கரையேறும் என்பது நாட்கணக்கில் முன்னரே தெரிந்தது; பத்து இலட்சத்தை அண்மிய மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர்; இறந்தோர் தொகை சில பத்துகளுக்குள் அடங்கியது. இது கணினியால் மட்டும் நிகழ்ந்ததன்று. புகலிடங்களைக் கட்டியவர்களும், வீடுவீடாகச் சென்று மக்களை அழைத்துச் சென்றவர்களும் இல்லாதிருந்தால் கணக்கு தாளிலேயே கிடந்திருக்கும். ஆனால் கணக்கு இல்லாதிருந்தால், எவரை, எங்கிருந்து, எப்போது அழைப்பது என்றும் தெரிந்திராது.

அப்படியாயின் இச்சிறு நாட்டவராகிய நமக்கு இதில் என்ன பங்கு? பெரிய பொறியை அயலார் வைத்திருக்க, நாம் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாற் போதுமா? போதாது என்பதே என் துணிபு. வானிலையிலே கூட்டுறவு என்பது பொறிகளைப் பிணைப்பதோடு முடிவதன்று. வங்கக்கடலைச் சூழ்ந்த நாடுகள் சூறாவளி பற்றிய அறிவைப் பகிர்ந்துகொள்ளுகின்றன. புதுடில்லியிலுள்ள மையம் இலங்கை உட்பட அந்நாடுகளுக்கு ஆலோசனை அனுப்புகின்றது. சூறாவளிகளுக்கு இடும் பெயர்களைக்கூட அந்நாடுகள் பங்கிட்டே வழங்குகின்றன. எந்த மீத்திறன் கணினியும் தொடக்க அளவுகள் இன்றி ஒரு படி நகராது. நம் கரையின் காற்றையும் அமுக்கத்தையும் மழையையும் நாமே அளந்து, தவறாது, பிழையின்றிக் கொடுத்தல் வேண்டும். அது கயிற்றின் ஒரு முனை. மற்ற முனை, கணக்கைப் புரிந்துகொள்ளும் ஆட்கள். நம் பல்கலைக்கழகங்கள் லேர்ண் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையால் ஏற்கெனவே இணைக்கப்பட்டிருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் அவற்றுள் ஒன்று. கம்பி இருக்கின்றது. அக்கம்பியின் முனையில் அமர்ந்து, 6 கிலோமீற்றர்ச் சதுரத்தை மேலும் நறுக்கி நம் நீரேரியையும் நம் துறைகளையும் அதனுள் வரையத்தக்க இளைஞர் வேண்டும்.

அவ்விளைஞரைத் தேடித் தொலைவுக்குப் போகவேண்டியதில்லை. தூசி தட்டிய எட்டுக் கணினிகளோடு, "கதைக்கிறதுதான் கூடிப்போச்சு" என்று சொன்ன அந்த மாணவி, தான் அறியாமலே அம்டால் போன்றோர் ஆராய்ந்த வாசலில் நிற்கின்றாள். ஆசிரியர்களே, அதிபர்களே, உங்கள் களஞ்சிய அறைகளைத் திறந்து பாருங்கள். கழித்துவைத்த பொறிகள் நான்கு இருந்தாலும் போதும். விடை பிழைத்தாலும் பாதகமில்லை. றிச்சாட்சனின் விடையும் பிழைத்ததே. பிழைத்த விடையை ஒளிக்காமல் எழுதிவைத்ததனாலன்றோ பின்வந்தோர் அதனைத் திருத்திச் சரிசெய்தனர்!

நாளை விடியற்காலையிலும் முனைக் கரையில் யாரோ ஒருவர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "இன்றைக்குப் போகலாமோ?" என்று கேட்பார். அவருக்கு விடை சொல்லும் கயிற்றிலே எத்தனையோ நாட்டவரின் கைகள் இருக்கின்றன. அக்கைகளுள் நம் பிள்ளைகளின் கைகளும் இருத்தல் வேண்டும்.